லிஸ்டில் இல்லாத காரணம்

"…கைய உள்ள வுட்டவ நானுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு கையும் ரெண்டு பட்டன்மேல இருந்தாத்தானே அந்த மிஷினு எறங்கணும்? ஒரு கை உள்ள இருக்கச்சொல்ல எறங்கிச்சே, அத்த இன்னான்னு கேட்டீங்களா சார்?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகட்டை வெட்டி வளைக்கும் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் நின்றுகொண்டு அந்த அக்கா இப்படிக் கேட்டார். பிரஸ் மிஷின் ஓட்டுபவர். ஆந்திர எல்லையோரத்து ஊரிலிருந்து வேனில் வந்துபோகிறவர். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கி, தையல் போட்டு, பெரிய வெள்ளைக் கட்டோடு வந்திருந்தார். கேள்வி பர்சனல் மேனேஜருக்கு. விபத்து அறிக்கையை அடித்து அனுப்பவேண்டிய நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்னவென்று கம்பெனி முழுக்கத் தெரியும். அந்த மிஷினில் வலப்பக்கம் ஒரு பட்டன், இடப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்பாரம் இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. உற்பத்தி வேகம் போதவில்லை என்று வலப்பக்கத்துப் பட்டனை ஒயரால் இறுக்கிக் கட்டிவைத்துவிட்டார்கள். அப்புறம் இடது கை அமுக்கும், வலது கை தகட்டைத் தள்ளும். என்றைக்காவது ஒருநாள் தள்ளுகிற கை வெளியே வருவதற்குள் பாரம் இறங்கும். இறங்கியது.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதத்தான் போட முடியும். லிஸ்ட்ல இல்லாத காரணமெல்லாம் காரணமே கிடையாது" என்றார் மேனேஜர்.

லிஸ்டில் நான்கு காரணங்கள். கவனக்குறைவு, கையுறை போடாதது, சொன்னதைக் கேட்காதது, வேலை நேரத்தில் பேச்சு. நான்குமே ஆள் செய்கிற தப்பு. அக்காவுக்கு நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

"மிஷினுக்கு வாயில்ல, அதனால அது உத்தமம். எனக்கு வாய் கீது, அதனால தப்பெல்லாம் எனக்கா? நல்லா கீதே உங்க நாயம்!"

மனிதர்கள் பேசுவதைச் சேர்த்துவைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. இன்டர்நெட்டுக்காகப் போன் லைனில் மாட்டியிருந்த மோடம் கத்துவதைக் கேட்டு, "கம்ப்யூட்டருக்கு சளி புடிச்சிக்கிச்சு நைனா, கஷாயம் குடு" என்று கேன்டீன்காரர் சொன்னதைக்கூட வைத்திருக்கிறேன். ஆனால் அக்கா சொன்னதைச் சேர்த்துவைத்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. கவனக்குறைவு என்று பதிவானால், கூலியில் பர்சன்ட் வெட்டிக்கொண்டு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் மறுநாளே அவரை நிறுத்திவிடுவார். ஒயர் அப்படியே இருக்கும். அவருடைய இடத்தில் வேறொரு பெண் வந்து நிற்பாள்.

மேனேஜருக்கு ஒரு போன் வந்தது. "கவனக்குறைவு போட்டு முடி" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. சென்ட்ரல் பக்கத்துப் பிளாட்பாரத்தில் பழைய புத்தகங்கள் வாங்கி, ஊர் திரும்புகிற ரயிலில் படித்துக் கற்றவன். இன்டர்நெட் பக்கம் ஒன்றில் நாம் நிரப்புவது தலைமை ஆபீஸ் சர்வருக்குப் போவதற்கு இரண்டு வழி உண்டு என்று அதில் படித்திருந்தேன். ஒன்று, கவரில் போட்டு ஒட்டி அனுப்புவதுபோல மறைவாக. இன்னொன்று திறந்த வழி: திரையின் மேலே தெரிகிற முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் ஆள் எண் இன்னது, ஷிப்ட் இன்னது, காரணம் இன்னது என்று எல்லாம் வரிசையாகத் தொங்கும். எங்கள் பக்கம் திறந்த வழி. லிஸ்ட் இருந்தது எங்கள் திரையில் மட்டும்தான். சர்வரில் உட்கார்ந்திருந்த புரோகிராம் எது வந்தாலும் வாங்கி எழுதிக்கொள்ளும். எங்கள் கம்பெனி கேட்டில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். சர்வரின் கேட்டில் ஆளே கிடையாது.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை விளையாட்டாகக் காரணம் என்ற இடத்தில் 'தலைவலி' என்று வாலிலேயே மாற்றி அடித்துப் பார்த்தேன். போய்விட்டது. பதிவான உடனே டைரக்டருக்குத் தானாக மெயில் போகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "யாருக்குய்யா தலைவலி?" என்று கேட்டாராம்.

"யக்கா, லிஸ்ட்ல இல்லாததையும் அனுப்பலாம்" என்றேன். "டைரக்டர் வரைக்கும் போவும். போனா இங்கிருந்து யாராலயும் அழிக்க முடியாது. ஆனா யார் அனுப்புனதுன்னு என் நம்பரும் கூடவே போவும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேல போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"நீ இன்னா பண்ணுவ?"

"நானு போற எடத்துலயும் இதையேதான் கேப்பேன்."

"அப்போ நானும் போற எடத்துல இதையேதான் அடிப்பேன்."

முந்தைய அறிக்கையின் முகவரியை எடுத்து, ஆள் எண்ணையும் தேதியையும் மாற்றினேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும், வலது பட்டன் ஒயரால் கட்டப்பட்டிருந்தது என்று இங்கிலீஷில் அடித்தேன். நடுவில் இடம் விட்டால் வழியில் அறுந்துபோகும் என்று புத்தகத்தில் இருந்ததால், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் %20 போட்டேன். எண்டரை அமுக்கி அனுப்புவதுதான் பாக்கி.

"அது இன்னாது, நடுநடுவுல பர்சன்ட்?"

"எடத்த அப்பிடித்தான் அனுப்பணும்க்கா."

"இங்கயும் பர்சன்ட் வெட்டணுமா? கான்ட்ராக்டர் இங்கயும் பூந்துட்டானா?" வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டோ என்னவோ மேனேஜர் உள்ளே வந்தார். "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார். முகவரியின் வாலை மெதுவாகப் படித்தார். முகம் மாறியது.

"யாரு இத போடச் சொன்னது? அழி."

"நடந்தது இதுதான சார்."

"நடந்தத நான் பாத்துக்கறேன். டைப் பண்றதுதான் உன் வேலை."

"ஆமா சார். டைப் பண்ணிட்டேன். அழிக்கிறது என் வேலை இல்ல."

இப்படிப் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கீபோர்டின்மேல் இருந்த விரல்களை எடுக்கவில்லை. "எழுந்திரு" என்றார். எழவில்லை. "நீ நாளைக்கு வேலையில இருக்கமாட்ட" என்றார். "இன்னைக்கு இருக்கேன் சார்" என்றேன்.

அவரே பக்கத்தை மூடிவிடலாம் என்று குனிந்து, என் கைக்குப் பக்கத்திலிருந்து மவுஸை இழுத்தார். ஒயர் டீ டம்ளரில் சிக்கியது. அவர் அதை விடுவித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என் தோளுக்கு மேலாக இடது கையை நீட்டி, மிஷின் பட்டனை அமுக்குகிற மாதிரி, உள்ளங்கையால் எண்டரை ஓங்கி அமுக்கினார்.