அக்காவின் அகலில் என் புழு எண்ணெய்

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கொட்டகையில் நான் ஈப்புழு வளர்க்கிறேன். மார்க்கெட்டில் வீணாகும் காய்கறிதான் தீனி. கொழுத்த புழுவைக் காயவைத்துப் பிழிந்தால் எண்ணெய் வரும். அதைப் பக்குவப்படுத்தி விளக்கெண்ணெயில் கொஞ்சம் கலந்து கியரில் விட்டால் மெஷின் தேய்வது குறையும். மண்ணில் சொட்டினாலும் மக்கிப்போகும். யாரும் சொல்லித்தரவில்லை, பலமுறை கெடுத்துத்தான் கற்றேன்.

கிரிவலப் பாதையில் கரும்புச் சாறு விற்கும் அக்காதான் முதலில் வாங்கியவர். இரண்டே நாளில், "கியர் கத்தறதே இல்ல தம்பி, மாமியார் ஊருக்குப் போன வூடு மாதிரி கீது" என்றார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கவே அங்கே போய் நிற்பேன். "எதுல எடுத்தது?" என்று அவர் கேட்டபோது, புழு என்றால் தொடமாட்டார் என்று பயந்து, "செடியில எடுத்ததுக்கா" என்றேன். விளக்கெண்ணெய் செடியிலிருந்துதானே வருகிறது என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

தினமும் மெஷினை ஓட்டுமுன் அக்கா அதனடியில் அகல் ஏற்றுவார். ஒரு பௌர்ணமியன்று நல்லெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதே என் பாட்டிலைத் திறந்து அகலில் ஊற்றினார். பக்கத்துக் கரும்புச் சாறு வண்டிக்காரர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செடி எண்ணெதாம்பா. சாமிக்கே ஏத்தறேன், உங்க மெஷினுக்கு ஆவாதா?" என்று அவர்களிடம் சொன்னார். தடுக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் இருவரும் ஆளுக்கொரு பாட்டில் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். விரதமிருந்த அக்கா அந்தச் சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை, ஆளில்லாத நேரம் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

அக்கா மெஷினைத் துடைத்தபடியே கேட்டார்: "வெளக்குல ஊத்தும்போது நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாக்கா."

"புழுவோ பூச்சியோ, மெஷினுக்குத் தெரியவா போவுது. நான் ஏத்தறதப் பாத்துக்னே யாவாரம் பண்ணியே தம்பி."

அகலை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். "அந்த ரெண்டு பேருகிட்டயும் நீயே போய்ச் சொல்லு" என்றார். சொன்னேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா இன்னும் வாங்குகிறார். ஒவ்வொரு முறையும், "இதுல என்னா கீது?" என்று கேட்பார். "புழு எண்ணெயும் வெளக்கெண்ணெயும்க்கா" என்று நான் முழுதாகச் சொன்ன பிறகுதான் கை நீட்டுவார். கியர் எப்படி ஓடுகிறது என்று கேட்டால், "ஓடுது" என்பதோடு சரி.