கதிரைக்குக் கீழே

விட்டுவிட்டுப் போன சட்டப் படிப்புக்கு மறுபடி விண்ணப்பித்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கடிதங்கள் தட்டச்சு செய்து, வருபவர்களுக்குச் சந்திப்பு நேரம் குறித்துக் கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. விண்ணப்பிக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டாமே என்று நினைத்தேன். உண்மையில் அந்த ஊரில் சொல்வதற்கு எனக்கு ஆள் இல்லை.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டிருந்தார்கள்: ஏன் இடையில் நிறுத்தினீர்கள், ஏன் திரும்பி வருகிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. ஒன்பது வயதில் அம்மாவோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். விசாவை நீட்டிக்க மறுத்த அதிகாரியிடம் அம்மாவுக்காக டொச்சில், ஜெர்மன் மொழியில், வாதாடினேன். அன்றே சட்டம் படிப்பதென்று முடிவெடுத்தேன். முதல் தடவை சேர்ந்தபோதும் இதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அதிகாரி அன்று என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதலாமென்று, ஞாயிறு பின்னேரம் பான் நகரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, விசா அலுவலகத்தில அண்டைக்கு அந்த மனிசி என்ன சொன்னவ? நான்தானே உங்களுக்காகக் கதைச்சனான்."

"நீயோ? நீ எங்க கதைச்சனீ? கதிரைக்குக் கீழ போயிருந்து அழுதனீ. கதைச்சது எங்களோட வந்த மேல்வீட்டு அக்கா."

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

"என்னத்தை யோசிக்கிறது? வெளிய வரமாட்டன் எண்டு கதிரைக் காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீ. இப்ப ஏன் அதைக் கேக்கிறாய்?"

"சும்மா."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். கதிரையின் இரும்புக் கால் ஞாபகம் வந்தது. அம்மாவின் சப்பாத்து ஞாபகம் வந்தது. அதிகாரியின் முகம் மட்டும் வரவேயில்லை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. எழுதியதை எல்லாம் அழித்தேன்.

இப்போது முதல் கேள்விதான் மிச்சம். அதற்கு நான் ஒருவருக்கும் உண்மை சொன்னதில்லை. வீட்டில், படிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். கட்டாயத் தேர்வு ஒன்றில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாவது தடவையும் தோற்றால் இந்த நாட்டில் சட்டமே படிக்க முடியாது. பயந்து, அதை எழுதாமலே விலகினேன். அதற்குப் பிறகு, வீட்டில் சொல்லும்வரை ஒரு வருடம், பல்கலைக்கழகம் போவதுபோல் தினமும் காலையில் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

அதை அப்படியே எழுதினேன். ஏன் திரும்பி வருகிறேன் என்பதற்கு, எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களைப் பற்றி எழுதினேன். சிலர் பயத்தில் அரசாங்கக் கடிதத்தை உறை பிரிக்காமலே கொண்டுவருவார்கள். நான் பிரித்துக் கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்ல விரும்புகிறேன் என்று எழுதி முடித்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

ஆகஸ்டில் பதில் வந்தது. பக்கத்து நகரத்தில் இடம் கிடைத்திருந்தது. தேர்வை மிச்சமிருந்த அந்த ஒரு தடவையும் எழுதலாம். அம்மாவிடம் போனில் முழுவதையும் சொன்னேன்.

"ரெண்டு தரமோ?"

"ஓம்."

"அந்த வருசம் முழுக்கக் காலமையில பாண் கட்டித் தந்தனானே. எங்க இருந்து சாப்பிட்டனீ?"

"ஸ்டேஷன்ல, அம்மா. குளிரெண்டா நூலகத்தில."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.

அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. முதல் நாள், என்னை ஆசிரியை என்று நினைத்து ஒரு பெண் எழுந்து வழிவிட்டாள். நானும் மாணவிதான் என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அதில் மேற்சட்டையை வைத்துவிட்டுக் குறிப்பெழுதத் தொடங்கினேன்.