பச்சையாக ஒளிர வேண்டிய பாசி

என் பாசி ஒளிர்வதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆய்வை வழிநடத்தும் மேடத்திடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஒற்றைச் செல் பாசி அது. பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தின் மரபணுவை அதற்குள் செலுத்தியிருந்தேன். ஒளிர்ந்தவற்றில் மிகப் பிரகாசமான ஒரு காலனியை, அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய ஒரு கூட்டத்தை, வைத்துக்கொண்டு மற்றத் தட்டுகளை வீசிவிட்டேன். இனி அவை எதற்கு என்ற திமிர். பிறகு ஒளி மங்கி, அணைந்தது. சோதித்தால் மரபணு உள்ளே அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. செல் அதை இறுக்கிச் சுருட்டிப் பூட்டிவிட்டது. இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்கு நடக்கும் என்று நினைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா பஸ்ஸிலிருந்து போன் செய்தார். "நானும் சித்தியும் கெளம்பிப்போட்டோம் கண்ணு. கிணத்துக்கடவு தாண்டியாச்சு. அந்த மினுங்கற பாசியக் காட்டீரு." தென்னை நார் கம்பெனியில் இருவரும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

அவர்கள் ஆய்வகத்துக்கு வந்ததும் நுண்ணோக்கியில் பாசியை வைத்து நீல ஒளியைப் போட்டேன். எந்தப் பாசியும் அதில் சிவப்பாக ஒளிரும். பச்சையத்தின் இயல்பு அது.

"ஆத்தாடி, நெருப்பாட்டம் இருக்குது!" என்றார் அம்மா.

"எங்கூரு குட்டையில வழிச்சா வண்டி வண்டியா வரும். இதுக்கா இத்தன வருசம் படிச்சே?" என்று சித்தி சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிவப்பு என் வேலை இல்லை என்று சொல்லவில்லை.

வெளியே வந்தால் வராந்தாவில் மேடம். அம்மா கும்பிட்டார். "புள்ள பாசியக் காட்டுச்சுங்க. நல்லா மினுங்குதுங்க."

"அப்படியா? பச்சையாத் தெரிஞ்சுதாம்மா?"

"இல்லீங்க, நல்ல செகப்புங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "பச்சை?"

"மூணு வாரமா இல்லீங்க மேடம். ஜீன் இருக்குதுங்க, வேலைதான் செய்யல."

"மத்த காலனியெல்லாம்?"

"வீசிட்டேனுங்க."

அம்மா என் கையைத் தொட்டார். "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா அம்மணி?"

"இல்லீங்கம்மா, சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.

மேடம் தன் அறைக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். அம்மாவையும் சித்தியையும் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.