மஞ்சள் நூல் கட்டிய விரால்கள்

காட்டிலும் தண்ணீரிலும் உள்ள உயிர்களை எண்ணிக் கணக்குப் போடுவதே பிற்காலத்தில் எனக்குப் பிழைப்பாயிற்று. எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் ஆர்வம்தான் என்று சொல்லி வைப்பேன். உண்மையில் என்னைப் படிக்க அனுப்பியது எங்கள் ஊர்க் கண்மாயில் நான் அடித்த கூத்து.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம். திருச்சிக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்த எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அப்பா ஊர் அம்பலம். நல்லது கெட்டதற்கு அவர் சொல்தான். மேலே விலங்கியல் படிக்கிறேன் என்றதும், ஓணானுக்கும் தவளைக்கும் படிப்பு எதற்கு, ஏரைப் பிடி என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்மாயில் எத்தனை விரால் இருக்கிறதென்று கணக்குப் போட்டே சொல்கிறேன், சொன்னால் அனுப்புவீர்களா என்றேன். சொல்லாவிட்டால் ஏர்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

வழி எளிது. கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் கட்டித் திரும்ப விட வேண்டும். மீன்பிடி நாளில் ஊரே இறங்கும்போது, எத்தனை மீனுக்கு ஒன்று அடையாளத்தோடு வருகிறது என்று பார்த்தால் மொத்தக் கணக்கு வந்துவிடும். ஆனால் அந்த நாளுக்கு முன் யாரும் தூண்டில் போடக் கூடாது என்பது ஊர்க்கட்டு. மீறினால் தண்டம் விதிப்பவர் என் அப்பாவேதான். ஆகையால் விடியற்காலைகளில் திருட்டுத்தனமாகப் பிடித்தேன். கலங்கல் தண்ணீரிலும் பளிச்சென்று தெரியட்டுமே என்று, ஒவ்வொரு விராலின் வாலடியிலும் மஞ்சள் சாயநூலைக் கட்டிவிட்டேன். என்ன கெட்டிக்காரத்தனம்!

மீன்பிடி நாளன்று அப்பா வெள்ளைத் துண்டை வீசியதும் ஊர் திபுதிபுவென்று இறங்கியது. முதல் விரால் அப்பாவின் கூடையிலேயே மாட்டியது. நல்ல முழ நீளம்; வாலில் மஞ்சள் நூல். அதைப் பார்த்ததும் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"யாரோ அய்யனாருக்கு நேந்துவிட்ட மீனுப்பா. நூலு கட்டுனதை யாரும் தொட்டுறாதீங்க," என்று சொல்லி, கும்பிட்டுத் தண்ணீரில் விட்டார்.

நேர்ந்துவிட்ட ஆட்டுக்கு மஞ்சள் கயிறு கட்டுகிற ஊரில் பிறந்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! அதன்பின் நூல் மீன் அகப்பட்டவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதைத் தண்ணீரிலேயே விட்டார்கள். ஒரு கிழவி குலவையே இட்டாள். விட்ட மீனே அடுத்தவர் கையில் மாட்டி மறுபடியும் கும்பிடு வாங்கியது. எதை எண்ணுவது? கரையேறிய கூடைகளில் தேடித் தேடிப் பார்த்தேன்; ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. படிப்பு போயிற்றே என்று அழுகையே வந்துவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் அப்பா கணக்கைக் கேட்டார். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் என் முறையில் பிழையில்லை, இவர் கும்பிட்டதுதான் பிழை என்ற ஆத்திரம் எனக்கு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்த மீன்களுக்காக அய்யனாருக்குப் பொங்கல் வைப்பதென்று சற்று முன்புதான் ஊரைக் கூட்டி முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்.

"யாருக்கிட்டயாச்சும் சொன்னியாடா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீ இங்கிட்டு இருந்தா ஒன் வாயி சும்மா இருக்காது. காலையிலயே திருச்சிக்குக் கெளம்பு. எம்புட்டு வேணும்னாலும் படி. ஊருப் பக்கம் மட்டும் வந்துறாத."