வசந்தா அத்தை வீட்டு வாசலில் கோலம் போட்டது யார்

இன்னிக்கு காலையில அஞ்சலை அக்கா புருஷனைப் போலீஸ்காரங்க ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

நாம கிளாஸ்ல கைமாத்திப் படிக்கிற நம்ம நோட்டுல நான் எழுதற மூணாவது திருட்டுக் கதை இது. முன்னாடி ரெண்டையும் சிரிச்சுக்கிட்டே எழுதினேன். இதை அப்படி எழுத வரலை.

(அப்பா தூங்கறாங்க. சிம்னி விளக்கை ட்ரங்க் பெட்டிக்குப் பின்னாடி மறைச்சு வச்சு எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாதீங்கடி.)

அஞ்சலை அக்கா எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவங்க. அவங்க புருஷன் சுண்ணாம்புக்கல் லாரியில லோடு ஏத்துறவர். அவர் சத்தமா பேசி ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

போன மாசம் எங்க தெருவுல ரெண்டு வீட்டுல திருடு போச்சுல்ல, ரெண்டுமே பூட்டிக்கிடந்த வீடு. ஒண்ணுல டிரான்சிஸ்டர், இன்னொண்ணுல பித்தளைக் குடம் மூணு.

அப்போ ஒரு கான்ஸ்டபிள் வந்து தெருப் பொம்பளைங்களை நிக்க வச்சுச் சொன்னார்.

"வாசல் தெளிக்காம காஞ்சு கெடந்தா, ஆள் இல்லைன்னு திருடனுக்கு நீங்களே கார்டு போட்ட மாதிரி. ஊருக்குப் போனா பக்கத்துல சொல்லி தினம் கோலம் போட வைங்க."

அதுலேர்ந்து எங்க தெருவுல அதுதான் சட்டம்.

பக்கத்து வீட்டு வசந்தா அத்தை ஞாயித்துக்கிழமை ரெட்டிபாளையம் கெளம்பினாங்க. பேரனுக்குக் காது குத்து.

"வியாழக்கிழமை வரைக்கும் விடியறதுக்குள்ள போட்டுடுடி. வீட்டுல ஆளில்லைன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

(இதைச் சொன்னது பஸ் ஸ்டாப்புல. சத்தமா. அரியலூர் பஸ்ஸுல உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு.)

திங்கக்கிழமை நான் போட்டேன். அன்னிக்கு சாயங்காலம் அம்மா ஒரு சாவுக்கு அரும்பாவூர் போயிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை எந்திரிச்சா, எனக்குத் தூரம்.

தூரமா இருக்கிறவ அடுத்த வீட்டு வாசல்ல கோலம் போட்டா அந்தக் குடும்பத்துக்கே ஆகாதுன்னு சொல்லித்தானே நம்மளை வளர்த்திருக்காங்க? அப்பாகிட்ட சொல்ல வாய் வரலை. போடாம விட்டா திருடன் வருவான்னு பயம்.

பின்கட்டுல அஞ்சலை அக்கா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. கோலமாவு டப்பாவைக் காட்டினேன்.

"நானா பாப்பா? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா வைவாங்க."

"இன்னும் விடியலைக்கா. யாரும் பாக்க மாட்டாங்க."

"பாத்தா நீதான் பதில் சொல்லணும்"னு சிரிச்சுக்கிட்டே போனாங்க. சின்னதா நாலு புள்ளிக் கோலம்.

சாயங்காலம் அம்மா வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். புதன்கிழமை அம்மாவே போய்ப் போட்டாங்க.

இன்னிக்கு காலையில அத்தை வந்து கதவைத் திறந்தா, பின்பக்கம் ஓடு பிரிஞ்சு கிடக்கு. அண்டா, வெள்ளிக் கிண்ணம், பட்டுப்புடவை நாலு, எதுவும் இல்லை.

அதே கான்ஸ்டபிள் வந்தார். எதிர் வீட்டு சித்தி சொன்னாங்க, "செவ்வாய்க்கிழமை விடியக்காலையில அஞ்சலை இங்க குனிஞ்சுக்கிட்டு இருந்தா. நான் கண்ணால பாத்தேன்."

வசந்தா அத்தைக்கு அண்டாகூட மறந்துபோச்சு. "காலனிக்காரி கையால எங்க வாசல்ல கோலமா?"

அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டு கான்ஸ்டபிள் கேட்டார்.

"பாப்பா போடச் சொல்லுச்சுங்க ஐயா. போட்டேன்."

"ஏன், அதுக்குக் கையில்லையா? ஒன்ன எதுக்குப் போடச் சொல்லுச்சு?"

அஞ்சலை அக்கா என்னைப் பாத்தாங்க. சுத்தி ஒரே ஆம்பளைங்க. எங்க அப்பா, வசந்தா அத்தை வீட்டு மாமா, பால்காரர், வேடிக்கை பாக்க வந்தவங்க.

"தெரியலீங்க"ன்னாங்க.

அவங்களுக்குத் தெரியும்டி. அன்னிக்குப் பின்கட்டுல எனக்குச் சாக்கு விரிச்சுப் போட்டதே அவங்கதான். அத்தனை பேர் முன்னாடி என் மானம் போகக் கூடாதுன்னுதான் தெரியலைன்னாங்க.

"தெரியாமத்தான் ஆளில்லாத வூட்டு வாசல்ல போய் நின்னியா? ஒன் புருஷன் எங்க இப்ப?"

அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு முன்னாடி வந்தாங்க. சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன்.

"எம் பொண்ணு யார்கிட்டயும் எதுவும் சொல்லலை சார்."

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அக்கா புருஷனை லாரி ஏறப்போற வழியிலயே புடிச்சுட்டாங்க. சோத்துத் தூக்கு கையிலயே இருந்துச்சு.

அதுக்கப்புறம் வசந்தா அத்தை வாசலைச் சாணி போட்டு ரெண்டு தடவை கழுவினாங்க.

திருடன் பின்பக்கம் ஓட்டைப் பிரிச்சு இறங்கியிருக்கான். அவன் வாசல் பக்கமே வந்திருக்க மாட்டான். அதைக் கேக்க அங்க ஒரு ஆள் இல்லை.

ராத்திரி சாப்பிடறப்ப அம்மாகிட்ட கெஞ்சினேன். "ஸ்டேஷன் வரைக்கும் வாம்மா. சொல்லிட்டு வந்துடலாம்."

"என்னன்னு சொல்லுவ? தூரமா இருந்தேன்னு அங்க போயி சொல்லுவியா? ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. வாய மூடிட்டுப் படு."

அந்த ரெண்டு நாள்ல அவரை என்ன பண்ணுவாங்கன்னு அம்மா சொல்லலை.

(நாளைக்குப் பாத்திரம் தேய்க்க யாரைக் கூப்பிடறதுன்னு மட்டும் அப்பாகிட்ட கேட்டாங்க.)

அதனால ஒரு தனித்தாள்ல எழுதிட்டேன். செவ்வாய்க்கிழமை அஞ்சலை அக்காவைக் கோலம் போடச் சொன்னது நான்தான்னு. கீழே என் பேரு, கிளாஸ், செக்‌ஷன்.

எதுக்காகச் சொன்னேன்னும் ஒரு வரி வேணும். அந்த வரியை மூணு தடவை எழுதி மூணு தடவையும் அடிச்சுட்டேன்.

நாலாவது தடவை அடிக்கலை.

அதை அஞ்சலை அக்கா கையில குடுக்கப் போறேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஸ்டேஷன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

காலையில பிரேயருக்கு முன்னாடி இந்த நோட்டு உங்ககிட்ட வந்துடும். முதல் பீரியட் போனா போகட்டும். காலனி வரைக்கும் என்கூட யாரு வரீங்க?

வராதவங்க மேல கோபமில்லை. இன்னிக்கு அந்த வாசல்ல நானும் சும்மாதான் நின்னேன்.