பெல்ட் வைத்த நாற்காலி

ஒன்றரை வயதில் என் மகள் ஒவ்வொரு வேளையும் ஓடி ஓடித்தான் சாப்பிடுவாள். அதனால் குரோம்பேட்டைக்குப் போய் பெல்ட் வைத்த ஹை சேர் ஒன்று வாங்கி வந்தோம். கட்டி உட்கார வைத்தால் பத்தே நிமிடத்தில் ஊட்டி முடித்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் ரசம் சாதத்தைத் துப்பிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆபீசுக்குக் கிளம்பும் அவசரம். அவள் கைகளையும் பெல்ட்டுக்குள் திணித்து, தாடையை அழுத்திப் பிடித்து, எவர்சில்வர் ஸ்பூனை வாய்க்குள் தள்ளினேன். கதறினாள். "நடிக்காதடி" என்று தொடையில் அடித்தேன்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு நசீமா அக்கா வந்தார். பெல்ட்டை அவிழ்த்து, குழந்தையின் உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வாய் பூரா புண்ணா கீது. இதுல போயி ரசத்த ஊத்திக்கினு கீறியே."

நாக்கிலும் ஈறிலும் கொப்புளங்கள். ஸ்பூன் இடித்த இடத்தில் ரத்தம்.

புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் நான் கிண்ணத்தோடு வந்தாலே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது நான் ஊட்டுவதில்லை. சிறிய பிளாஸ்டிக் ஸ்பூனை அவள் கையிலேயே கொடுத்து, தட்டை எதிரில் வைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறாள்.