பந்தியில் வலிக்காத வயிறு

அம்மா செத்த பிறகு, சோறு தின்றால் எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. தின்னும்போது ஒன்றும் இருக்காது. கை கழுவிக் கொஞ்ச நேரத்தில் மேல்வயிறு உப்பிக் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இழுக்கும். ஏப்பம் தொண்டையிலேயே நிற்கும். பாயில் சுருண்டு கிடப்பேன். வேறொன்றும் தோன்றாது. அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு ஒன்பது வயது.

திருப்பூர் மண்ணரையில் ஒற்றை அறை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். அம்மாவுக்கும் வயிற்று வலியில்தான் ஆரம்பித்தது. அதனால் நான் வயிற்றைப் பிடித்தாலே அப்பாவுக்கு முகம் வெளுத்துவிடும். அதையும் சும்மா பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

பூச்சி என்று சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெய் ஊற்றினாள். அடேயப்பா, அந்த நாற்றம்! ஓமத் தண்ணீர், பெருங்காயம், சீரகம் எல்லாம் உள்ளே போயின. தின்றது எதுவோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தவள் வயிற்றை நீவி, ஏதோ நார்த் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நான் தின்ற மாங்கொட்டையாம். மாம்பழத்தைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் ஒரு வெள்ளை மருந்தைக் கொடுத்து, காரம் ஆகாது என்றார். காரம் அரைத்துப் போட யார் இருந்தார்கள்? அப்பாவுக்குத் தெரிந்தது சோறும் ரசமும்தான்.

அந்தத் தையில் வெள்ளகோவிலில் அத்தை மகளுக்குக் கல்யாணம். பந்தியில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். சாம்பார், பொரியல், வடை, இரண்டு தரம் பாயசம். "போதுங்கண்ணு, அப்பறம் வலிக்கும்" என்று அப்பா இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். நான் கேட்கவில்லை. சாயங்காலம் வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார். "ஏங்கண்ணு, இத்தன தின்னும் ஒண்ணும் பண்ணுலயா?"

"இல்லீங்கப்பா. மெதுவாத்தான தின்னேன்."

"அப்ப ஊட்டுல என்ன அவசரம்?"

தெரிந்ததைச் சொன்னேன். "பந்தியில எல்லாரும் தின்னு முடிக்கற வரைக்கும் ஆரும் எந்திரிக்கலீங்க. ஊட்டுல நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க. அதுக்குள்ள நானும் தின்னரோணுமில்லீங்களா?"

உண்மைதான். அப்பா நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். காலையில் கம்பெனிக்கு, ராத்திரியில் டீக்கடைக்கு. அந்த வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டோடு தனியாக உட்கார்ந்திருக்க எனக்குப் பயம். மெல்லாமல் கொள்ளாமல் விழுங்கி, அவரோடு கூடவே எழுந்துவிடுவேன்.

அப்பா திருப்பூர் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

மறுநாள் ராத்திரியும் அவர் சீக்கிரம்தான் தின்றார். எழப்போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எச்சில் கை காயக்கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு உண்டு. அவர் விரல்களில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டன. "மெல்லத் தின்னு கண்ணு. நா எங்கயும் போகுல" என்றார்.

மென்றேன். அவ்வளவு நேரம் கிடைத்ததும், அம்மா உட்காருகிற இடம் காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. அவள் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதேன், வாயில் சோற்றோடு, ஓவென்று. அப்பா எழுந்திருக்கவில்லை.